இரண்டாம் நம்பர் பெட்டி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பீட்சா எனப்படுவது மெல்லியதாக மட்டுமே இருத்தல் வேண்டும். தடித்த அடிப்பாகம் கொண்ட எதுவும் பீட்சா ஆகாது. அது தக்காளி பூசிய ரொட்டி. மீறி அதைப் பீட்சா என்று அழைப்போர் நாக்கு இருந்தும் இல்லாதவர்களாகக் கருதப்படுவர்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களுக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்றின் தேநீர் அறையில், 'குவளையைக் கழுவி வைக்கவும்' என்ற தாளுக்குப் பக்கத்தில் இந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் கொள்முதல் மேலாளர். கிரீஸ் டப்பாவுக்கும் திருகாணிக்கும் குத்த வேண்டிய அலுவலக முத்திரையை இதற்கும் ஒன்று குத்தியிருந்தார்.

அறிவிப்பு மொத்தம் நான்கு பக்கம். நேப்பிள்ஸ் பீட்சா தெய்வீகம். ரோமாபுரிப் பீட்சா மொறுமொறுப்பானது, ஆனால் கொஞ்சம் அவசரக்காரர்களுக்கானது. நியூயார்க் பீட்சாவை மடித்துச் சாப்பிடுகிறார்கள். மடிக்க வேண்டியது வேட்டி, பீட்சா அல்ல. சிகாகோ பீட்சா ஒரு கிணறு, இறங்க ஏணி வேண்டும். டெட்ராய்ட் பீட்சாவை இரும்புத் தட்டில் சதுரமாகச் சுட்டு, ஓரத்துச் சீஸைக் கருகவும் விடுகிறார்கள். அதைப் பற்றிப் பேசுவதே நேர விரயம். இப்படிச் சொல்லிவிட்டு அதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கித் திட்டியிருந்தார்.

நிலையத்தில் அவருக்கு 'மெல்லிசு சார்' என்று பெயர். அவர் உடல்வாகைப் பார்த்து வைத்ததல்ல என்பதை, அவர் நாற்காலியில் உட்காரும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை ஞானமும் வந்தது ஒரே ஒரு மதியத்தில். ஆறு வருடத்துக்கு முன் லிஃப்ட் வடம் பார்த்து வாங்க அவரை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். நேப்பிள்ஸில் ஒரு கடை வாசலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று பீட்சா வாங்கினார். நடுப்பகுதி சொதசொதவென்று இருந்தது. எடுத்த துண்டு தலையைத் தொங்கப் போட்டது, குழம்பு சட்டையில் விழுந்தது, பசியும் தீரவில்லை. விடுதி அறைக்குப் போய் இரண்டு பன் தின்றுவிட்டுப் படுத்தார். ஊர் திரும்பியதும் எல்லோரும் "எப்படி சார் இருந்துச்சு?" என்று சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை முகங்களுக்கு நடுவே பன் தின்றேன் என்று யாரால் சொல்ல முடியும்? கண்ணை லேசாக மூடி, "அதுதாங்க பீட்சா" என்றார். அன்றைக்குச் சொன்ன அந்த இரண்டு சொல்லுக்குத்தான் ஆறு வருடமாக விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்தார்.

அவருக்கு உண்மையில் பிடித்தது எது என்பது அவர் தங்கை வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மட்டும் தெரியும். தங்கை பதினான்கு வருடம் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தவள். மருத்துவரே பல் போன வயதில் கடையைக் கட்டிக்கொண்டு போனதும், பழைய அடுப்பு ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டுப் பீட்சா சுட ஆரம்பித்தாள். இரும்புத் தட்டில், சதுரமாக, தடியாக, ஓரத்துச் சீஸ் கருகக் கருக. மெல்லிசு சார் அங்கே போகிற நாளெல்லாம், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், தொட்டிக்கு அருகே நின்றபடி மூலைத் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். மூலைத் துண்டில்தான் கருகல் இரண்டு பக்கமும் இருக்கும். அவளாக ஒரு துண்டை நீட்டி "எப்படிண்ணா இருக்கு?" என்றால், "விக்கிற சாமானுக்குப் பரவால்ல" என்பார். பிறகு அரை மணி நேரம் நேப்பிள்ஸ்.

நிலையத்தில் புதன்கிழமை சமையல்காரர்களுக்கு விடுமுறை. அன்று மதியம் நூற்றிருபது பயிற்சியாளர்களுக்கும் வெளியிலிருந்து பீட்சா வரவழைக்கலாம் என்று முடிவானபோது தங்கையும் விண்ணப்பித்தாள். கடையின் பெயரில் போட்டதால் யாருக்கும் உறவு தெரியவில்லை.

"இது கிடைச்சா அடுப்பு நிக்கும்ணா. இல்லேன்னா வித்துட்டு அடுத்த ஊர்ல வேலைக்குப் போகணும். பிள்ளைங்களை அண்ணிகிட்டதான் விடணும்," என்றாள். அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "உனக்கு இதுல ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"எனக்கென்ன சங்கடம்?" என்றார் அவர். போகிற போக்கில் நான்கு பக்க அறிவிப்பின் நகல் ஒன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். படிக்கட்டும், தரம் என்றால் என்னவென்று தெரியட்டும் என்று.

தேர்வுக் குழுவில் மூன்று பேர்: தலைவராக அவர், விடுதி வார்டன், கணக்குப் பிரிவு அம்மா. படிவத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பித்தவர்களில் உங்கள் உறவினர் எவரேனும் உண்டா? உண்டு என்று எழுதினால் குழுவிலிருந்து விலக வேண்டும். பீட்சாவைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தான் இல்லாமல் இருப்பதா? அதற்கும் மேலே, தன் சொந்தத் தங்கை தட்டுப் பீட்சா விற்கிறாள் என்பது தேநீர் அறை வரைக்கும் பரவுமே. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே இருந்தால்தானே அவளுக்கு உதவ முடியும் என்று பிறகு சமாதானமும் கண்டுபிடித்தார்.

தேர்வு நாளன்று மூன்று வெள்ளைப் பெட்டிகள் மேசைமேல் இருந்தன. எது யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காக ஸ்டோர் கீப்பர் ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டு ஒட்டி, பெயர்களை உறையில் போட்டு மூடியிருந்தார். சுட்டுக்கொண்டு வந்தவர்கள் வெளியே நடைபாதை பெஞ்சில் காத்திருந்தார்கள். அறைக் கதவுக்கு மேலே காற்றோட்டத்துக்கு ஒரு திறப்பு உண்டு. அதற்குக் கண்ணாடி போட வேண்டும் என்ற கோப்பு மெல்லிசு சாரின் மேசையில்தான் இரண்டு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் பெட்டியில் இருந்தது வட்டமாக, தடியும் இல்லாமல் மெல்லிசும் இல்லாமல், எல்லாத் தரப்புக்கும் நல்லவராக நடக்கப் பார்க்கும் ஒரு பீட்சா. வார்டன் ஒரு கடி கடித்துவிட்டு மூடியைச் சாத்தினார். இரண்டாவது மெல்லிசு. ஓரத்தில் ஆங்காங்கே கரும்புள்ளி, நடுவில் கொஞ்சம் ஈரம். மூன்றாவது பெட்டியைத் திறந்ததும் மெல்லிசு சார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். சதுரம். தடி. கருகிய ஓரம்.

'வந்துவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டார்.

மற்ற இருவரும் அவர் அறிவிப்பை மனப்பாடம் செய்தவர்களைப்போல இரண்டாம் நம்பருக்கு எட்டும் ஒன்பதும் போட்டிருந்தார்கள். கணக்கம்மா, "சார் எழுதினீங்களே, அதே மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு பாருங்க" என்று துண்டைத் தூக்கியும் காட்டினார். அதுவும் நேப்பிள்ஸ் துண்டைப்போலவே தலையைத் தொங்கப் போட்டது.

மெல்லிசு சார் எழுந்து நின்றார். அறிவியல் வளர வளரக் கருத்தும் வளர வேண்டும் என்று தொடங்கினார். பிறகு மூன்றாம் நம்பரைப் புகழ ஆரம்பித்தார். அந்த ஓரத்துக் கருகல் பல்லில் படும் சத்தம், அடிமாவு எண்ணெயில் பொரிந்த மணம், உள்ளே பஞ்சு, மூலைத் துண்டின் மகிமை எல்லாம் வந்தன. ஆறு வருடத்தில் முதல்முறையாகப் பீட்சாவைப் பற்றி அவர் வாயிலிருந்து உண்மை வந்துகொண்டிருந்தது. தடுக்கவும் முடியவில்லை. பயிற்சிக்கு ஏணி ஏறி இறங்குகிற பிள்ளைகளுக்கு வயிறு நிறைய வேண்டாமா என்று கேட்டபோது வார்டனின் கண்கூட லேசாகக் கலங்கியது.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எட்டும் ஒன்பதும் தாளில் இருந்தனவே. அவற்றை இறக்கியாக வேண்டும்.

"இந்த ரெண்டாம் நம்பர் பீட்சாவே இல்லீங்க," என்றார், நன்றாகக் குரலை உயர்த்தி. "நனைஞ்ச அட்டை. யாரோ எங்கயோ படிச்சிட்டுச் செஞ்சிருக்காங்க. மாவும் தெரியல, அடுப்பும் தெரியல. இவங்க பேசாம வேற வேலை தேடிக்கலாம்."

வார்டன் அழிப்பானை எடுத்தார். கணக்கம்மா அவர் முடிக்கும்வரை காத்திருந்து அதை வாங்கிக்கொண்டார். எட்டு மூன்றானது, ஒன்பது நான்கானது. மூன்றாம் நம்பர் ஜெயித்தது.

ஸ்டோர் கீப்பர் உறையைப் பிரித்து வாசித்தார். மூன்றாம் நம்பர், நாற்சந்தி ரொட்டிக் கடைக்காரருடையது. தொடர்ந்து வாசித்த இரண்டாம் நம்பர், தங்கையின் கடைப் பெயர்.

மெல்லிசு சார் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இன்னொரு முறை சுவைத்துப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு சார்?" என்றார் கணக்கம்மா. "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

படிவம் அவர் முன்னால்தான் கிடந்தது. 'இல்லை' என்பதன் கீழே அவருடைய கையெழுத்து, வழக்கத்தைவிடப் பெரிதாக.

"சேச்சே," என்றார்.

முடிவை விண்ணப்பித்தவர்களிடம் சொல்ல வேண்டியது குழுத் தலைவரின் கடமை. கதவைத் திறந்தார். தங்கை பெஞ்சிலிருந்து எழுந்தாள். வலது மணிக்கட்டில் புதிதாக ஒரு துணிக்கட்டு. அவ்வளவு சூட்டில் அடுப்பை வைத்து அவளுக்குப் பழக்கமில்லை. கையில் நான்காக மடித்த தாள்கள். முத்திரை வெளியே தெரிந்தது. ஓரமெல்லாம் மாவுக் கறை. எத்தனை நாள் அதைப் பக்கத்தில் வைத்துப் பழகினாளோ.

மேலே திறப்பு. கீழே பெஞ்சு. அவர் குரல் எப்போதுமே கம்பீரமான குரல்.

பின்னாலேயே வந்த வார்டன், ஆறுதலாக, "மன்னிச்சுக்கங்கம்மா, சார் இதுல ரொம்பக் கறார்" என்றார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவள் ஒரு சொல் சொன்னால் போதும், படிவம் கிழியும், அவர் வேலைக்கே ஆபத்து. அவருக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது. தாள்களைப் பைக்குள் வைத்தாள்.

"பரவாயில்லீங்க சார். உங்களுக்குத் தெரியாததா. நான் வரேன்," என்றாள்.

அவர் அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். "சரிங்கம்மா, போய்ட்டு வாங்க" என்றார். கூடப் பிறந்தவளை அவர் வாங்க போங்க என்றது அதுதான் முதல் தடவை. வார்டன் அந்தப் பணிவை மெச்சித் தலையாட்டினார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. மூன்றாம் நம்பர்தான் அவளுடையது என்று நினைத்துவிட்டதை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"அப்ப எனக்காகத்தான் அதைப் புகழ்ந்தியா?"

"பின்ன?"

"உனக்கு மெல்லிசுதானே பிடிக்கும்னு மூணு வாரம் விடாம செஞ்சு பாத்தேன்ணா." கொஞ்சம் சிரித்தாள்கூட. "நனைஞ்ச அட்டைன்னு நீ சொன்னதும் எனக்கு உசிரே போயிடுச்சு. அது வாய்க்கு வந்ததைச் சொன்னதுதானே? நிஜமா நல்லாதான் இருந்துச்சா? மறைக்காம சொல்லு. நல்லா இல்லேன்னா நான் பழையபடி தட்டுலயே போடறேன்."

கேள்வி அவ்வளவு எளிதாகத்தான் இருந்தது. நல்லா இல்லம்மா, உன் தட்டுப் பீட்சாதான் உலகத்திலேயே ஒசத்தி, நான் ஆறு வருஷமா புளுகினேன். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவர் வாயைத் திறந்தார்.

"அசல் நேப்பிள்ஸ்," என்றார். கண் லேசாக மூடிக்கொண்டது.

தங்கைக்கு முகம் தெளிந்தது. அப்படியானால் இனிமேல் மெல்லிசு மட்டுமே என்று முடிவு செய்தாள். இரும்புத் தட்டுகளை அடுத்த வீட்டுக்காரி செடித்தொட்டிக்கு அடியில் வைக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், கொடுத்துவிடுகிறேன் என்றாள். மணிக்கட்டில் கட்டோடு அவள் தூக்கச் சிரமப்பட்டதால், அவரே ஆறு தட்டுகளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

வழக்கமாக அவளிடம் வாங்குகிறவர்கள் மெல்லிசுப் பீட்சாவை ஒருமுறை வாங்கிப் பார்த்தார்கள். இரண்டாம் முறை வரவில்லை. ஐந்தாவது வாரம் புதன்கிழமை காலையில் இரண்டு பேர் வந்து அடுப்பைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று மதியம் நிலையத்தில் நாற்சந்தி ரொட்டிக் கடையின் பீட்சா வந்தது. மெல்லிசு சார் நான்கு துண்டு சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது.