செலவாகாத பொய்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரிய பொய் ஒன்றுமில்லை. என் தம்பி செத்துப்போனான். சாகவில்லை என்று வெளிநாட்டில் படிக்கும் அவன் மகளிடம் நடித்துக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான்.

"பரீட்சை முடியட்டும் அத்தான்" என்றாள் தம்பி மனைவி. "இப்பச் சொன்னா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா. ஒரு வருஷம் பாழாப்போகும். அவருக்கே அது பிடிக்காது."

பிள்ளை படிப்பது, பாலங்கள் ஏன் இடிந்து விழுகின்றன என்பதை. அதற்கு ஒரு பட்டம் தருகிறார்களாம்.

பொய்யை நிர்வகிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், நான் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பணிமனையில் டயர் கழன்று கிடக்கும் வண்டியை 'இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்' என்று தேன் ஒழுகச் சொல்லி, உலக ஜனத்தொகையில் பாதியைப் பெஞ்சில் உட்கார வைத்தவன். (பாதி கொஞ்சம் அதிகம். கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

சந்தோஷமாகவே வேலையில் இறங்கினேன். ஏன் மறைக்க வேண்டும், கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது. 'அப்பாகிட்ட போனைக் குடுங்க' என்று அவள் கேட்டால் சொல்வதற்கு ஒரு மூட்டைப் பொய் தயாரித்தேன். அப்பா குளிக்கிறார். அப்பா பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறார். அப்பாவிடம் கார் கற்க ஒரு நீதிபதி வந்திருக்கிறார், தீர்ப்பு சொல்லிப் பழகிய மனிதர், வளைவில் எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானிக்க முடியாமல் ஊரையே சுற்றிக்கொண்டிருக்கிறார். கடைசியது என் தலைசிறந்த படைப்பு. பாதியை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். மீதியை நான் வைத்துக்கொண்டேன்.

தேர்வு வெள்ளிக்கிழமை முடிந்தது. அன்றைக்கே கூப்பிட்டாள்.

"பெரியப்பா, ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு கார்ல கூட்டிட்டுப் போறேங்கறாங்க. இந்த ஊர்க்காரங்கதான். சனி ஞாயிறு, ஒரு ஏரிக்கு. போகட்டுமா?"

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையசைத்தாள். போகட்டும். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம். சொல்ல வேண்டியவன் நான்.

ஆகவே சனிக்கிழமை காலை, சொல்ல வேண்டியதைத் தயாரிப்பதற்குப் பதிலாக, இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அவள் அப்பா உள்ள பிள்ளையாகப் போகும் கடைசி —

இந்த வாக்கியம் வேண்டாம்.

2

தொடக்கம், முதல் வரைவு: 'வானம் அழுதது.' (அடித்துவிட்டேன். வானத்துக்கு என்ன வந்தது?)

இரண்டாம் வரைவு: 'ஆயிரம் குதிரைத் திறன் கொண்ட அந்தக் கார் சீறிப் பாய்ந்தது.' (அவள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். கதவின் கைப்பிடியை நாடாவால் ஒட்டியிருக்கிறார்கள். ஆயிரத்தில் பெரும்பாலான குதிரைகள் படுத்துவிட்டவை.)

மூன்றாம் வரைவு: 'அவளுடைய வலது கால் ஓயாமல் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.'

இதை வைத்துக்கொள்வோம். இது உண்மை. யார் காரில் ஏறினாலும் இப்படித்தான் என்று அவளே போனில் சொன்னது.*

* அவள் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொள்பவர் ஓட்டுவார், இவன் பக்கத்து இருக்கையில், தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டிருப்பான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும், தெருவில் யாராவது ஹாரன் அடித்தால் கால் தானாகத் தரையை அழுத்தும். அப்பனைப் பார்த்துப் பிள்ளைக்கும் அது வந்துவிட்டது.

3

மழை. கண்ணாடித் துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்தது, நல்லவேளையாக ஓட்டுபவன் பக்கம். ஓட்டியவன் நெட்டை, அவன் தலை காரின் கூரையைத் தொட்டது. (தொட்டது என்ன, கூரையையே அவன் தலைதான் தாங்கிக்கொண்டிருந்தது.) பின்னால் பேக்கரிக்காரி, பகலில் படித்துவிட்டு மாலையில் ரொட்டிக் கடையில் நிற்கும் பெண். இருவரும் என்ன மொழி பேசுவார்களோ எனக்குத் தெரியாது. என் கதைக்குள் வந்தால் என் மொழியில்தான் பேசியாக வேண்டும்.

முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. நம் பிள்ளையின் கால் தரையை அழுத்தியது.

"மறுபடியும் மிதிக்கிறா பாரு" என்றாள் பேக்கரிக்காரி.

"அங்க ஒண்ணும் இல்ல தாயே. வெறும் தரை" என்றான் நெட்டை.

"தெரியும்."

"தெரிஞ்சுமா மிதிக்கிற? ஓட்டை விழுந்தா ரோடு தெரியும். ஏற்கெனவே பாதி தெரியுது."

"கால் கேக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

"உங்கப்பாவ ஒருநாள் இந்த சீட்ல உக்கார வை. எப்படி ஓட்டறதுன்னு அவருக்கு நான் சொல்லித் தர்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே, "இரு, இப்பவே அவருக்குப் போன் போட்டுத் தர்றேன்" என்றாள்.

(அடித்துவிட்டேன்.)

அவள், "அவரு உன்னைய முதல் நாளே இறக்கி விட்டுருவாரு" என்றாள்.

(இதுவும் ஒட்டவில்லை. 'விட்டுருவாரு' என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது.)

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயல்களும் மின்கம்பங்களும் நனைந்துகொண்டே பின்னால் போயின. பேக்கரிக்காரி முன்னால் குனிந்து, ஏதும் கேட்காமல், இவள் தோள்மேல் கையை வைத்தாள். கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

4

இங்கே கதாசிரியனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கையை ஏன் அங்கே வைத்தேன்? சும்மா சிரித்துப் பேசிக்கொண்டு போகிற பெண்ணின் தோளில் யாராவது அப்படிக் கை வைப்பார்களா?

அதைவிட, என் கதாநாயகி சரியாக வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண் எந்தப் போனையும் 'அப்பாகிட்ட குடுங்க' என்று கேட்காமல் வைத்ததில்லை. அவன் வந்து, "ம், பாத்துப் போ" என்று இரண்டு சொல் உதிர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். அந்த இரண்டு சொல்லுக்காகக் காத்திருப்பாள். நான் எழுதிய பெண்ணோ, எந்தப் பக்கத்திலும் அப்பாவைக் கேட்கவில்லை. வாயில் திணித்துப் பார்த்தாலும் துப்பிவிடுகிறாள்.

பொய்யை மறந்துவிட்டு எழுதுகிறேன், அதுதான் தப்பு என்று நினைத்தேன். நான் கையாண்ட பொய்களை வரிசையாக நினைவுபடுத்திப் பார்த்தேன். எங்கே போயிற்று என் நீதிபதி? எந்தப் போனில் அவரை அனுப்பினேன்?

எந்தப் போனிலும் இல்லை.

அடுப்படிக்குப் போனேன். தம்பி மனைவி, நறுக்கி முடித்த காயையே மறுபடியும் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தப் பல்லு பிடுங்குன பொய், அதைச் சொல்லிட்டியா?"

"இல்லையே."

"குளிக்கிறாருன்னு?"

"அவதான் கேக்கலையே அத்தான். உங்ககிட்ட கேட்டிருப்பா, நீங்க சமாளிச்சிருப்பீங்கன்னு இருந்தேன்." கத்தி நின்றது. "உங்ககிட்ட கேக்கலையா?"

கத்தியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"கேமரா கெட்டுப்போச்சுன்னு சொன்னோமே, அப்பக்கூட 'பரவால்லம்மா, குரல் போதும்'னா" என்றாள். பிறகு அவளே அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்டதுபோல முகத்தை மூடிக்கொண்டாள்.

5

அப்பா இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், இது என் கைவரிசை.

மகள் என்ன படம் அனுப்பினாலும் என் தம்பி பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புவான். அவன் போனதிலிருந்து அவன் போன் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. படம் வந்த மாத்திரத்தில் கட்டைவிரலைத் தட்டிவிடுவேன். எவ்வளவு சுறுசுறுப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவனோ, காரில் இருக்கும்போது போனைத் தொடாதவன். ஊரே தீப்பற்றி எரிந்தாலும், கடைசி ஆளுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்து, சாவியை ஆணியில் மாட்டிய பிறகுதான் எடுப்பான். அவன் கட்டைவிரல் எப்போதும் சாயங்காலம்தான் வரும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்களெல்லாம் கற்க வரும் நாள், இருட்டிய பிறகுதான்.

செத்தவன் வேலை நேரத்தில் போனைத் தொட்டிருக்கிறான். வேறென்ன வேண்டும் அவளுக்கு?

அப்படியானால் தெரிந்துகொண்டே தேர்வு எழுதியிருக்கிறாள். நாங்கள் அவளுக்காக மறைத்தோம். மறைத்துவிட்டோம் என்ற நிம்மதி எங்களுக்கு இருக்கட்டும் என்று அவளும் மறைத்திருக்கிறாள். ஏரி பார்க்கப் போனாளா, இல்லை அழுதால் யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்துப் போனாளா? அவள் அனுப்பிய ஏரிப் படத்தில் ஆளே இல்லை. சாம்பல் நிறத் தண்ணீரும், கரையில் ஈரப் பெஞ்சும். (இந்த இடத்தில் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை. வரவில்லை.)

6

இன்று ஞாயிறு, நடுப்பகல். சற்றுமுன் தம்பியின் போனுக்கு ஒரு படமும் ஒரு வரியும் வந்திருக்கின்றன.

'அப்பா, பத்திரமா திரும்பிட்டேன். வர்றப்ப நான்தான் ஓட்டினேன்.'

படம், நிறுத்திய காருக்குள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்தது. பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. அவ்வளவு உயரமான நெட்டையை அவ்வளவு தூரமும் பின்னால் மடக்கி உட்கார வைத்திருக்கிறாள்.

முடிவுக்கு மூன்று வழி யோசித்தேன்.

உடனே கட்டைவிரலைத் தட்டலாம். நான்தான் என்று தெரிந்துகொள்வாள், தெரியாததுபோல விட்டுவிடுவாள். வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்.

இருட்டும்வரை காத்திருந்து தட்டலாம். என் ஆயுளிலேயே பிசிறில்லாத பொய் அதுதான். அது போய்ச் சேரும்போது ஒரு நொடி, ஒரே நொடி, அவள் —

இல்லை.

தட்டாமலே இருக்கலாம். பதில் வராத போனை அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு யாரைக் கூப்பிடுவாள் என்பதையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கும்.

தம்பி மனைவி வாசற்படியில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன் திரை இரண்டு முறை அணைந்தது, இரண்டு முறையும் நானே ஒளிர வைத்தேன். எனக்கு இதற்கு மேல் வரவில்லை, முடிவை உங்களிடம் விடுகிறேன். இந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே அழுந்தியிருப்பது உங்கள் கட்டைவிரல்தானே? எடுக்கிறீர்களா, வைத்திருக்கிறீர்களா, சொல்லுங்கள்.