எடை பார்த்த பிறகு

அன்று காலை தேவசகாயத்துக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் கயிறு அறுந்த சத்தம்தான் கேட்டது.

1995ஆம் வருடத்துச் சுதந்திர தினம். கல்பாக்கத்தில் மகன் வீட்டுக்குப் பக்கத்து சர்ச்சில், கொடியேற்றியதும் அவருக்கு மாலை போடப்போகிறார்கள். பர்மா சண்டையில் கிளைடரில் ஏறிப் போய்த் திரும்பியவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். மாலை போட அச்சரப்பாக்கத்திலிருந்து சம்பூர்ணம் வருகிறாள். அதே கிளைடரில் போய்ச் செத்துப்போன முனிசாமியின் தங்கை.

மருமகள் ஜாக்குலின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நீட்டினாள். "இன்னா மாமா, கல்யாண மாப்ள கணக்கா வேர்த்துக்கினு கீறீங்க? மெடலக் குத்தி வுடட்டா?"

"வேணாம்மா."

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. முன்னால் போகிற விமானம் அதைக் கயிறு கட்டி இழுக்கும். மலை தாண்டியதும் கயிற்றை விடுவித்துக்கொண்டு, எதிரிக்குச் சத்தம் கேட்காமல் காட்டுக்குள் இறங்க வேண்டும். அதனால் எடைதான் எல்லாம். அசாமில் ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரையும் மூட்டையோடு தராசில் நிறுத்தி எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்த பிறகு, லாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பத்துப் படி அரிசியைத் தேவசகாயம் கிளைடருக்குள் தள்ளினார். போகிற இடத்தில் பிஸ்கட்டுதான் என்று கேள்விப்பட்டிருந்தார். மற்றவர்களும் தோட்டா, டின் பால் என்று ஆளாளுக்குத் திணித்தார்கள். பாரம் தாங்காமல் மலைமேல் கயிறு அறுந்து, கிளைடர் விழுந்தது.

ஊர் திரும்பியதும் முனிசாமியின் அம்மாவிடம், "குண்டு பட்டுச்சு, என் மடியிலதான் உசிரு போச்சு" என்றார். ஐம்பத்தோரு வருடமாக அதுதான் கதை. அந்தக் கதையை நம்பித்தான் சம்பூர்ணம் தன் கல்யாணத்தில் அவரை அண்ணன் முறைக்கு நிற்கவைத்தாள்.

சர்ச் வாசலில் இலையில் சுற்றிய மாலையோடு அவள் காத்திருந்தாள். "வாங்கண்ணாத்த! ஊரே உங்களப் பாக்கத்தான் குந்திக்கினு கீது."

அவர் அவளை வேப்பமரத்தடி பெஞ்சுக்கு அழைத்துப் போனார். "சம்பூர்ணம், உங்கண்ணன் குண்டு பட்டுச் சாவல." சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. தராசு, லாரி, அரிசி, கயிறு. "நான் அடிகூடப் படாம வெளிய வந்தேன். அவன் பலகைக்கு அடியில கெடந்தான். அவன் மேலெல்லாம் என் அரிசி."

சம்பூர்ணம் மாலை சுற்றிய இலையை விரலால் தடவினாள். பிறகு கேட்டாள்: "அந்த அரிசில எங்கண்ணனுக்கும் பங்கு வச்சிருந்தியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதற்காகத்தான் கேட்கிறாள் என்பதும் தெரிந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

"இல்ல. அவன்கிட்ட சொல்லக்கூட இல்ல."

"எங்கம்மா சாவற வரிக்கும் உன் பேரச் சொல்லி வௌக்கேத்துச்சு," என்றாள். "மடியில உசிரு போச்சாம், மடியில!"

எல்லாரும்தான் திணித்தார்கள் என்பது உண்மைதான். அதை அவர் சொல்லவில்லை.

மைக்கில் பாஸ்டர் அவர் பெயரைக் கூப்பிட்டார். கைதட்டல் கேட்டது. சம்பூர்ணம் மாலையை பெஞ்சின் மேல் வைத்தாள்.

"என் கையால இத உனக்குப் போட முடியாது. போ. இப்ப எனக்குச் சொன்னத அங்கயும் சொல்லு."

எழுந்தபோது அவருக்குக் கால் பின்னியது. விழப்போனவரின் முழங்கையை ஒரு கை பிடித்தது. சம்பூர்ணம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது. அந்தக் கைக்குத் தனக்கு அருகதை இல்லை என்று அவருக்குத் தெரியும். கேட்காமலே கர்த்தர் அதை அனுப்பியிருந்தார். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல், மேடைப் படி வரைக்கும் அவரை மெல்ல நடத்திக் கூட்டிப்போனாள்.