முதல் டிரம்

சொந்தக்காரர்களுக்குக் கப்பல் வேலை செய்து கொடுப்பதைப் போல ஒரு தலைவலி உலகத்தில் கிடையாது. பதினோரு வருஷமாகச் சென்னையில் ஆபத்தான சரக்குகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஆசிட், பெயின்ட், பூச்சிமருந்து, எதுவாக இருந்தாலும் கன்டெய்னருக்குள் சரியாக அடுக்கியிருக்கிறதா, சேரக்கூடாதது எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி கப்பலேறும். எத்தனையோ முரட்டு முதலாளிகளைப் பார்த்தாயிற்று. ஆரணி ஜெகநாதன் மாமா அளவுக்கு என்னை ஒருத்தரும் படுத்தியதில்லை.

மாமா என்றால் என் அப்பாவின் தங்கை அபிதகுசாம்பாளின் வீட்டுக்காரர். பட்டுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவர், பிறகு ஊரில் உள்ள சாயப்பட்டறைகளுக்கெல்லாம் சாயமும் மருந்தும் விற்கும் வியாபாரியானார். 2002-ல் கொழும்பில் இருக்கும் ஒரு சாயப்பட்டறை அவரிடம் ஒரு கன்டெய்னர் ஹைட்ரோஸ் கேட்டது. பழைய சாயத்தை உரித்தெடுக்கும் வெள்ளைத் தூள் அது. காய்ந்திருக்கும் வரைக்கும் பரம சாது. ஈரம் பட்டால் தானாகவே சூடேறும், புகையும், பற்றிக்கொள்ளும். பக்கத்தில் போய் யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை.

"ஈரம் மட்டும் ஆகவே ஆகாது மாமா" என்று போனில் நூறு தடவை சொன்னேன்.

"எனக்கே சொல்றியா ஹேமு? நீ டவுசர் போட்டுகினு இருந்தப்பவே நான் ஹைட்ரோஸ்ல பொழங்கினவன்டா" என்றார். "நீ விஜயதசமி அன்னிக்கு வந்துடு. அன்னிக்குத்தான் ஏத்தறோம். மொத எக்ஸ்போர்ட்டு."

"நான் வர்ற வரைக்கும் ஒரு டிரம்மையும் தொடாதீங்க."

"சரி சரி" என்றார். மாமாவின் 'சரி'க்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விஜயதசமி காலையில் செய்யார் ரோட்டில் இருந்த அவருடைய குடோனுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் டிரைலர் நின்றது. கன்டெய்னர் கதவு இரண்டிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கதவோரத்து மரத்தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அரிசிமாவைக் கரைத்துப் பெரிதாகக் கோலம் போட்டிருந்தார்கள். கோலம் இன்னும் காயவில்லை. அந்தக் கடைசியில், உள் சுவரை ஒட்டி, ஒரே ஒரு டிரம் மட்டும் மாலை போட்டுக்கொண்டு நின்றது.

"அது என்ன மாமா?"

"நல்ல நேரம் ஏழரைக்கு முடிஞ்சிடுச்சுடா. நீ எங்க, பஸ்ல தூங்கிகினு வந்திருப்ப. ஒரே ஒரு டிரம் மட்டும் ஏத்திட்டோம். மீதியை நீ சொல்ற மாதிரி ஏத்திக்கலாம்."

ஒரே ஒரு டிரம் ஏற்றினால் ஏற்றவில்லை என்று கணக்காம். உள்ளே போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூடி இறுக்கமாக இருந்தது. மேலே சந்தனம், குங்குமம், அவ்வளவுதான். மாலையைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். பிறகு சாக்குப்பையும் பழைய வேட்டியுமாகத் தரையைத் துடைக்கச் சொல்லி, இரண்டு பெரிய மின்விசிறிகளைத் திருப்பி வைத்துக் காய வைத்தோம். பத்தரை மணி ஆயிற்று.

"கோலத்தை அழிச்சிட்டியேடா பாவி" என்று அத்தை வாசலில் இருந்தே வைதாள்.

"கோலம் போட இது என்ன உன் வூட்டு வாசலா அத்தை?"

"மொத மொத எங்க சரக்கு கடலைத் தாண்டுது. வெறும் தரையில ஏத்தி அனுப்புவாங்களா?"

துரைக்கண்ணுவிடம் வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த சுமைக்காரர்களுக்கு அவர்தான் மேஸ்திரி. வந்த ஆட்களிலேயே ஒரு தடவை சொன்னதும் கேட்டுக்கொண்ட ஒரே மனுஷன். டிரம்களை நிமிர்த்தி, இடைவெளியில் பலகை கொடுத்து, அசையாமல் கட்டி வரிசை வரிசையாக ஏற்றினார்கள். இரண்டு மணிக்கு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. ஒரு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கதவோரத்தில் புதிதாக எட்டு நீலக் கேன்கள்.

"காலியா கெடந்துச்சு இல்ல, பட்டுக்கு சாயம் ஏற விடற ஆசிட் கொஞ்சம் போட்டேன். கொழும்புக்காரருக்கு சாம்பிள்" என்றார் மாமா, என்னவோ எனக்கு நல்லது செய்ததைப் போல.

"ஹைட்ரோஸ் மேல ஆசிட் கொட்டினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா? மூச்சு முட்டும். அதுக்குத்தான் மூடி போட்டிருக்கே!"

கப்பலில் சரக்கு வைப்பது பரணில் சாமான் போடுகிற வேலை இல்லை என்று அவருக்கு அன்றைக்கு நான்காவது தடவையாகச் சொன்னேன். எந்தப் பெட்டி மேல்தளத்தில் நிற்க வேண்டும், எது இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாது, எந்தப் பெட்டிக்கும் எந்தப் பெட்டிக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் எல்லாம், என் கையெழுத்தை நம்பித்தான் முடிவு செய்கிறார்கள். கப்பல்காரன் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பதில்லை. நடுக்கடலில் புகை வந்தால் தீயணைப்பு வண்டி வராது. கப்பலில் இருப்பவர்களே அணைக்க வேண்டும். முடியாவிட்டால் கடலில் குதிக்க வேண்டும்.

"சும்மா பேஜார் பண்ணாதடா" என்று முனகிக்கொண்டே மாமா கேன்களை இறக்கச் சொன்னார்.

நான்கு மணிக்குக் கதவைச் சாத்தி சீல் வைத்தோம். அப்பாடா என்று உட்காரப் போனேன். மாமா ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்தார். அதன் தலையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தானாகப் பற்றிக்கொள்ளும் சரக்கு ஒரு கன்டெய்னர் நிறைய இருக்கிறது, அதற்கு நெருப்பைச் சுற்றிக் காட்டப் போகிறாராம்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், அங்கிருந்தே கன்டெய்னரைப் பார்த்து மூன்று சுற்று சுற்றி உடைத்தார். அதற்கும் என்னை முறைத்தார்.

டிரைலர் டிரைவர் எல்லப்பன் ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். "ஜல்தி கையெழுத்துப் போடுங்க சார். ராத்திரி ஹார்பர் கேட்டு மூடறதுக்குள்ள போவணும். இந்தக் கப்பலை வுட்டா அடுத்த வாரம்தான்."

சான்றிதழைத் தொடைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தேன். அத்தை ஒரு தட்டில் சுண்டலும் பொங்கலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கோபமெல்லாம் போய், முகம் நிறைந்திருந்தது.

"சாப்புட்டு கையெழுத்து போடு. ஒண்ணும் ஆவாது, நல்லபடியா போயி சேரும். காலையிலயே எல்லாம் முறையா பண்ணிட்டேன். மொத டிரம்முக்குள்ளயே மஞ்சத்தண்ணி தெளிச்சி, ரெண்டு சாமந்தி போட்டுதான் மூடச் சொன்னேன்."

தட்டை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"உள்ளயா? டிரம்முக்குள்ளயா?"

"பின்ன? புது கல்லாப்பெட்டி வாங்கினா உள்ள தெளிக்க மாட்டமா? புது அரிசி டிரம்முக்குப் பண்ண மாட்டமா?"

"உள்ள பாலிதீன் பை கட்டியிருக்குமே?"

"அவுத்துட்டுத்தான் தெளிச்சேன். பை மேல தெளிச்சா சரக்குக்கு எப்படிடா சேரும்?"

பேனாவை மூடிப் பையில் வைத்தேன். அந்த டிரம் எது என்று தேட வேண்டிய வேலைகூட இல்லை. பூஜை போட்ட டிரம்தான் முதலில் ஏறியது. முதலில் ஏறியதுதான் கடைசிச் சுவரை ஒட்டி, மற்ற எல்லா டிரம்களுக்கும் பின்னால் நிற்கிறது. காலை ஏழரையிலிருந்து.

"எல்லாத்தையும் இறக்கணும்" என்றேன்.

மாமா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். "பூசணிக்கா ஒடச்சாச்சு. சீல் வெச்சாச்சு. இதுக்கு மேல தொறந்தா வெளங்குமா? நாலு சொட்டு தண்ணிடா! கொழும்புக்காரன்கிட்ட நாளைக்கு கப்பல் ஏறுதுன்னு சொல்லிட்டேன். என் மானம் போவுது."

"அந்த டிரம் உள்ள இருக்கற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப வேற ஆளை வெச்சிப் போட்டுக்கறேன். ஊர்ல நீ ஒருத்தன்தானா?"

அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போட்டுக்கொடுக்க ஆள் கிடைக்கும். பெட்டியைப் பார்க்காமலே போட்டுக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறக்காமல் இந்த டிரைலர் இங்கிருந்து கிளம்பிவிட்டால், அந்த டிரம் கப்பலுக்கே போய்விடும். மாமாவிடம் இனிமேல் பேசிப் பயனில்லை. அத்தையின் பக்கம் திரும்பினேன். மாமா சாயம் போட்ட காலத்தில் பட்டறையைக் கட்டி மேய்த்தவள் அவள்தான்.

"அத்தை, பட்டறையில யாராவது ஹைட்ரோஸ் டின்னுக்குள்ள ஈரக் கரண்டியை வுட்டா என்ன பண்ணுவ?"

"கையை ஒடிப்பேன்" என்றாள் உடனே. "புகைஞ்சி பட்டறையே நாறிப்..."

அங்கேயே நின்றுவிட்டாள். கன்டெய்னரைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த தட்டு சரிந்து சுண்டல் கொட்டியது.

"ஐயையோ, அதுவும் ஹைட்ரோஸ்தானே! டின்னா இருந்திருந்தா நான் தொடுவனாடா? இது புதுசா பெயின்ட் அடிச்சி, பொட்டு வெச்சி, மாப்பிள்ளையாட்டம் நின்னுகினு இருந்துச்சு. எனக்கு ஹைட்ரோஸுன்னே தோணலையேடா!"

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். "ஹேமு, அந்தக் கப்பல்ல எத்தினி பேரு இருப்பாங்க?"

"இருபத்திரண்டு பேர்."

"அத்தினி பேரா!" என்றவள் நேராகக் கதவுக்குப் போய் சீலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது அப்படியெல்லாம் வராது. "துரைக்கண்ணு, இன்னா பாத்துகினு நிக்கறீங்க? வெட்டுங்க இதை!"

துரைக்கண்ணு மாமாவைக் கேட்கவில்லை. கட்டர் எடுத்து வெட்டிவிட்டார்.

கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, காலையிலிருந்து ஏற்றியதையெல்லாம் இறக்கினோம். பாதி இறக்கும்போதே வாடை வந்துவிட்டது, தீக்குச்சி கிழித்ததும் மூக்கில் ஏறுமே, அது. ஆட்களை வெளியே நிறுத்திக் கொஞ்சம் காற்றாட விட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு மீண்டும் வேலையில் இறங்கினோம். கடைசி வரிசை வந்ததும் துரைக்கண்ணு அந்த டிரம்மில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"காயுது சார்."

தள்ளுவண்டியில் ஏற்றி, குடோனுக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஓடி வந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாமா என்னைப் பார்த்து, "இதுக்குத்தானா?" என்று ஆரம்பித்தார். டப்பென்று மூடி பறந்தது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து, அடியில் நீலமாகத் தீ தெரிந்தது. மாமா என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

இதோடு விட்டதா? புகையைப் பார்த்து அரிசி ஆலை ஆட்கள் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் கத்துவதற்கு முன்னால் அத்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றாள்.

"தண்ணி எடுத்துகினு ஒருத்தன் கிட்ட வந்தா கையை ஒடிப்பேன்! மணலை வாரிக் கொட்டுங்கடா!"

இருட்டும் வரைக்கும் புகைந்தது. பிறகு கறுத்துப்போன தகரமும் நாற்றமும்தான் மிச்சம். இனி அந்தக் கப்பலைப் பிடிக்க முடியாது. எல்லப்பன் ஒரு வாரம் போன வண்டி வாடகையைப் பற்றி யாரிடம் புலம்புவது என்று தெரியாமல் டயரை உதைத்துக்கொண்டிருந்தான். மாமா தரையில் உட்கார்ந்து அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"பூசணிக்கா ஒடச்சதாலதான்டா இதோட போச்சு" என்றார்.

கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன்.

அடுத்த வாரம் மறுபடியும் போனேன். போகிற வழியெல்லாம், இந்தத் தடவை என்ன கூத்து பண்ணி வைத்திருப்பார்களோ என்றே யோசித்துக்கொண்டு போனேன். கன்டெய்னர் வெறுமையாக, காய்ந்து, துடைத்து வைத்தாற்போல் நின்றது. வாழைக்கன்று இல்லை. கோலம் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகிற ஒவ்வொரு ஆளையும் நிறுத்தி உள்ளங்கையைக் காட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்துத்தான் விட்டாள். வியர்த்திருந்தால் துண்டு கொடுத்தாள். மாமாவும் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார்.

எல்லாம் ஏற்றி, பார்த்து, கதவைச் சாத்தி, புது சீலும் வைத்தாயிற்று. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். "இரு" என்றாள் அத்தை. ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் கையில் ஒரு எலுமிச்சம்பழமுமாக வந்தாள்.

"அத்தை, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா!"

"அந்தப் பெட்டி கிட்டயே நான் போவலடா. நீ இப்டி ரோட்டோரமா வா. அந்தக் கப்பல்ல போறவங்க யாரு, எந்த ஊரு, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அவங்களுக்கு யாரு சுத்திப் போடுவாங்க? அவங்களுக்காக கையெழுத்து போடறவன் நீதானே. இருபத்திரண்டு பேருக்கும் சேத்து உனக்கே சுத்திடறேன். நில்லு."

நான் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. அதுவரை நான் ஏற்றி அனுப்பிய கப்பல்களில் இருந்தவர்களைப் பற்றி ஒருத்தர்கூட என்னிடம் விசாரித்ததில்லை. அத்தை எலுமிச்சம்பழத்தை மூன்று சுற்று சுற்றி ரோட்டில் நசுக்கினாள். சான்றிதழ் நனையாமல் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மஞ்சள் தண்ணீரை என் தலையிலும் முகத்திலும் தெளித்தாள். சட்டையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கண் எரிந்தது. எரிச்சலுக்கும் அழுகைக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது.

சான்றிதழை வாங்கக் கையை நீட்டினேன். அத்தை அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு துண்டை என் முகத்தில் எறிந்தாள்.

"மொதல்ல கையைத் தொடை."