பயில்வானின் பசி

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை எல்லோரும் பயில்வான் என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் நரம்பெல்லாம் புடைத்து நிற்கும். தோளைச் செதுக்கி வைத்தது போலிருக்கும். எந்த ஜிம்முக்குப் போகிறீர்கள் என்று கேட்காத கட்டடம் இல்லை. அவன் ஜிம் வாசலை மிதித்ததே இல்லை. பள்ளிக்கூட நாட்களில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தான். எழுந்த சில மாதங்களில் கன்னம் ஒட்டி, உடம்பிலிருந்த கொழுப்பெல்லாம் கரைந்துவிட்டது. தோலுக்கு அடியில் நேராகச் சதைதான்.

பசியும் அப்போது வந்து ஒட்டிக்கொண்டதுதான். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளையைப் பற்றிய நினைப்பு வந்துவிடும். கூட வேலை செய்பவர்கள் ஒருநாள், பயில்வான் எத்தனை ரொட்டி தின்பான் என்று பந்தயம் கட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து மதியமானால், "மேலே கொஞ்சம் வேலை பாக்கி" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய்விடுவான். கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே, மோட்டார் இரைச்சலில், அவசர அவசரமாகச் சாப்பிடுவான்.

உறவென்று அக்கா ஒருத்திதான். விடுமுறை நாளில் அவள் வீட்டுக்குப் போவான். கடைசியாகப் போன அன்று பிள்ளைகளுக்கு எடுத்து வைத்திருந்த முட்டையையும் தன்னை மறந்து தின்றுவிட்டான். அக்காவின் கணவர், "இனிமே உன் தம்பி வர்ற அன்னிக்கு நாம வெளியில சாப்பிட்டுக்கலாம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் போன் செய்தால், "வேலை ஜாஸ்திக்கா" என்று வைத்துவிடுவான்.

ஒருநாள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். மருத்துவமனையில் ரத்தம் எடுத்த நர்ஸ், குழாயைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன, பாலைக் கலந்த மாதிரி இருக்கு?" என்றாள். சர்க்கரையும் எக்கச்சக்கம். பிறகு வந்த டாக்டரம்மா அவன் கைத்தோலை மெல்லக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார்.

"ரொம்பப் பசிக்குமோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சாப்பிட்டு எழுந்திருக்கும்போதே பசிக்கும் டாக்டர். தீனிக்கு அலையுறவன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல. நீங்க பட்டினி கிடக்கிறதா உங்க மூளை நம்புது. உடம்புல இருக்கிற கொழுப்பு சும்மா கிடக்கிறதில்ல. லெப்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. அது ரத்தத்தோட போய், மூளையோட அடிப்பக்கத்துல ஹைப்போதலமஸ்ங்கிற இடத்துல, 'கையிருப்பு இருக்கு, கவலைப்படாதே'ன்னு சொல்லும். பசியைத் தூண்டுற செல்லெல்லாம் அடங்கும். போதும்னு சொல்ற செல்லெல்லாம் முழிச்சுக்கும். உங்ககிட்ட கொழுப்பே இல்ல. அப்புறம் சேதி யாரு அனுப்புவா? சாப்பிடுற கொழுப்பும் தங்க இடமில்லாம ரத்தத்துலயும் ஈரல்லயும் போய்ச் சேருது."

"அப்ப இது என் புத்தி இல்லையா டாக்டர்?"

"இல்லவே இல்ல. அந்த லெப்டினையே ஊசியா தர முடியும்."

வெளியே வந்து லிஃப்டுக்கு முன்னால் நின்றான். கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். அவன் கண்ணைத் துடைத்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

தினமும் ஊசி போட்டுக்கொண்டான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மதியம், மோட்டாரில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டு அதையே கவனித்துக்கொண்டு நின்றவன், குனிந்து பார்த்தால் சாப்பாட்டு டப்பாவில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. திக்கென்றது. இன்னொரு கவளம் எடுத்து வாய்வரை கொண்டுபோனான். வேண்டாமென்றிருந்தது. மூடிவைத்தான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சாயங்காலங்கள் நீண்டுபோயின. முன்பெல்லாம் கடைக்குப் போவது, சமைப்பது, தின்பது, தின்றதற்கு வெட்கப்படுவது என்று பொழுது ஓடிவிடும். இப்போது அறையில் ஒரு நாற்காலி, ஒரு கட்டில், பக்கத்து வீட்டு டிவி சத்தம். பேச ஆளில்லை என்பதே இத்தனை வருஷம் கழித்துத்தான் உறைத்தது. தாங்க முடியாமல் ஒரு விடுமுறை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான்.

அக்கா அவனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள். பெரிய பாத்திரம் நிறையச் சோறு வடித்தாள். அவன் ஒரு தட்டோடு போதுமென்று கையைக் குறுக்கே வைத்தான். அவள் முகம் வாடிவிட்டது.

"அவர் சொன்னதை இன்னும் மனசுல வச்சிருக்கியாடா?"

"ஐயோ, இல்லக்கா." டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னான்.

"ஊசி போட்டா வயிறு நிறைஞ்சிடுமா?"

"வயிறு இல்லக்கா. மூளை."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் வீடு வெறிச்சோடிக் கிடப்பது அவனுக்குத் தெரிந்தது.

"மாமா எங்கக்கா? பசங்க?"

"அவருக்கு வெளியூர் மாத்தலாச்சு. பசங்க ஹாஸ்டல்ல இருக்காங்க. இப்படியெல்லாம் ஆகப்போகுது, நான் மட்டும் இங்க எப்படி இருக்கப்போறேனோன்னு நீ கடைசியா வந்தப்பவே புலம்பினேனே. நீ தட்டைப் பார்த்துக்கிட்டே தலையாட்டுன."

அவன் யோசித்துப் பார்த்தான். அன்றைக்கு அக்கா பேசியதில் ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. முட்டை எங்கே இருந்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது.

"மறுபடி சொல்லுக்கா."

"எதை?"

"எல்லாத்தையும்."

அக்கா அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நல்லா சாஞ்சு உட்காரு. சீக்கிரம் முடியாது" என்றாள்.