ஏசி மெஷினின் சுதி

என் தங்கச்சி புருஷனுக்கு எங்கள் குடும்பத்தில் குச்சி மாப்பிள்ளை என்று பெயர். எழுபது பேர் வாத்தியம் வாசிப்பார்கள். இவர் முன்னால் நின்று குச்சியை ஆட்டுவார். வாசிக்கிற இசையையும் இவரே எழுதுவார். பதினோரு வருஷத்தில் ஏழு உருப்படி எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் வாசித்தார்கள். இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

அதே அரங்கத்தில் நாற்காலி போடுகிறவன் நான். மேடைக்குப் பின்னால் இருக்கிற ஏசி மெஷினும் என் பொறுப்பு. அதுவும் என்னை மாதிரிதான், முனகிக்கொண்டே வேலை செய்யும்.

எட்டாவது தேறினால் மாப்பிள்ளைக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை. தேறாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கமிட்டிக்காரர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்வார்கள்.

கச்சேரி அன்று மத்தியானம் தங்கச்சி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"அண்ணே, நடுவுல ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா இருக்கணுமாம். அதுலதான் உசிரே இருக்காம். இவரு ரெண்டு நாளா தூங்கல."

"சும்மா இருக்க எழுபது பேரா?"

"நீ ஒருத்தன் போதும்னு அவருக்குத் தெரியல. உன்னால ஆனதச் செய்யேன்."

என்னால் ஆனது ஏசி சுவிட்ச்தான். ஒத்திகை முழுக்க அந்த மெஷின் முனகியது. அதை அணைக்கச் சொல்ல மனுஷன் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அந்த நிமிஷம் வந்தது. எழுபது பேரும் கையை இறக்கினார்கள். நான் சுவிட்சை அணைத்தேன்.

அப்படி ஒரு அமைதியை அந்த அரங்கம் கட்டிய நாளிலிருந்து கேட்டிருக்காது. மாப்பிள்ளை குச்சியும் கையுமாக நின்றார். முதல் வயலின்காரம்மா வில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தார். மாப்பிள்ளை மெல்லத் திரும்பி, திரை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் முகம் அவ்வளவு வெளுத்திருக்கவில்லை. பிறகு இடது கையை என் பக்கம் நீட்டி, ட்ரம்பெட்காரர்களை எழுப்புகிற மாதிரி உள்ளங்கையை மேலே தூக்கினார்.

போட்டேன். மெஷின் இரண்டு தடவை இருமியது, உடம்பை உதறியது, பிறகு பழையபடி முனகத் தொடங்கியது. அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு வயலின் கிளம்பியது.

முடிந்ததும் மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மச்சான், உங்க மெஷின் சுதி மேலதான் மொத்தமும் நிக்குது."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மாப்பிள்ளை?"

"சொன்னா, உங்க மெஷினக் குறை சொல்றேன்னு நினைப்பீங்களே."

மறுநாள் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மரணத்துக்குள் போய் மீண்டு வந்த மூச்சு என்று எழுதியிருந்தார்கள். இருமல் இரண்டுக்கும் தனிப் பத்தி. கமிட்டி மூன்று வருஷம் கொடுத்தது. அதோடு, அதே உருப்படியை அடுத்த மாதம் இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்றது. அரங்கத்து மானேஜர் புது ஏசிக்குக் கொடுத்திருந்த ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இப்போது ஒத்திகை நடக்கிறது. அணைத்துப் போட்டால் மெஷின் ஒரே ஒரு தடவைதான் இருமுகிறது. மாப்பிள்ளை எழுபது பேரையும் நிறுத்திவிட்டுத் திரை ஓரத்தைப் பார்க்கிறார்.

"மச்சான், இன்னொரு வாட்டி."