ஜோர்ஜ் பென்ஃபோல்ட் அசைலம் அடித்த கதை

விசாரிக்காமல் பெண் கொடுத்த வழக்கம் கமலாம்பிகையின் குடும்பத்தில் இல்லை. ஊர் என்றால் நாலு பேரைக் கேட்டால் போதும். குடி உண்டா, பைத்தியம் உண்டா, எல்லாம் ஒரு பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் இங்கிலாந்தில், ஹரோவில் இருந்துகொண்டு, மகள் சிவரூபினி கட்டப்போகிற வெள்ளைக்காரன் டானியல் பென்ஃபோல்டைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? இந்தத் தெருவில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே ஒருவருக்கும் தெரியாது. டொரன்டோவில் இருக்கும் தமையன் சண்முகராசாவோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் எடுத்து, "ஆக்கள் எப்பிடியெண்டு விசாரிச்சனியோ?" என்று உயிரை வாங்கினார்.

விசாரித்தாள்தான். போனில்! இங்கிலாந்துக்காரர் நூறு வருசத்துக்கு முந்திய குடிசன மதிப்பு, கலியாணப் பதிவு எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று, அவள் சனிக்கிழமைகளில் படிப்பிக்கும் தமிழ் வகுப்பில் யாரோ சொன்னார்கள். டானியலின் தகப்பன் செத்துப்போனவர். அவருடைய பூட்டன் பெயர் ஜோர்ஜ் என்பதை மகளிடம் சும்மா கேட்பது போலக் கேட்டு எடுத்துக்கொண்டாள்.

ஜோர்ஜ் பென்ஃபோல்ட் பாவப்பட்ட மனுசன். 1881இல் கென்டிஷ் டவுனில் மேசன் வேலை. 1891இலும் அதே வேலை, மனைவி எலன், நாலு பிள்ளைகள். 1901இல் எலன் ஊரார் உடுப்புத் தோய்த்துப் பிள்ளைகளை வளர்க்கிறாள், ஜோர்ஜைக் காணவில்லை. விட்டுவிட்டு ஓடினவனோ? வேறு குடும்பம் வைத்திருந்தானோ? கமலாம்பிகைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஆள் அகப்பட்டார். பெயர், வயது, தொழில், அதன் கீழே இடம்: அசைலம். மிச்ச விபரத்துக்கு அந்த இணையத்தளம் காசு கட்டச் சொன்னது. அது எதற்கு? ஒரு சொல்லே போதுமே.

அட, இந்த மனுசனும் அசைலம் அடித்தவரா! அவள் அறிந்த அசைலம் ஒன்றுதான். அகதியாகத் தஞ்சம் கேட்டுக் குரோய்டனில் வரிசையில் நிற்பது, கடிதத்துக்காகக் கதவடியைப் பார்த்துக்கொண்டிருப்பது. எந்த நாட்டில் என்ன சண்டையோ, பெண்சாதி பிள்ளைகளைக்கூட ஒரே வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. அவளுக்கு ஜோர்ஜை நினைக்க அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அவளுடைய பயம் வேறு. நாம் விசாரித்தது போல அவர்களும் விசாரித்தால்? அவளுடைய கணவர் கனகலிங்கம், அசைலம் முடிவுக்காகக் காத்திருந்த மூன்றாம் வருசம், மூளை குழம்பி எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குப் பேர்மிங்ஹாமில் வேலை என்று அவள் ஊர் முழுக்கக் கதை விட்டாள். தமையனுக்கும் அதே கதை. பிறகு மகளுக்கும் அதே கதை. நூறு வருசத்துக் குப்பையையே கட்டிக் காக்கிற இந்தச் சனம் அந்த எட்டு மாதக் கடதாசியை எறிந்தா இருக்கும்? கலியாணம் குழம்பினால் சிவரூபினி தன்னை மன்னிக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டானியலும் தாய் ஜூடித்தும் சாப்பிட வந்தார்கள். பயம் வந்தால் கமலாம்பிகைக்கு வாய் நிற்காது. உறைப்பைக் குறைத்து வைத்த கோழிக் கறியைப் பரிமாறியபடியே ஜூடித்திடம் ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டாள்.

"உங்கட ஜோர்ஜ் தாத்தாவும் எங்களைப் போலத்தானே, அசைலம்! எந்த நாட்டிலயிருந்து வந்தவர்?"

ஜூடித் கரண்டியைக் கீழே வைத்தாள். டானியலின் முகம் சிவந்துபோயிற்று.

"அம்மா!" என்றாள் சிவரூபினி. "அவையளைப் பற்றித் தேடினனீங்களோ?"

ஜூடித் மெதுவாகச் சொன்னாள். அது அந்த அசைலம் இல்லை. அந்தக் காலத்தில் மனநோயாளரை அடைத்து வைத்த ஆஸ்பத்திரிக்கும் அதுதான் பெயர். ஜோர்ஜ் முப்பத்தொரு வருசம் உள்ளே இருந்து அங்கேயே செத்தார். பார்க்க வந்தவர் என்று பதிவில் ஒரு பெயர்கூட இல்லை. அப்பாவுக்குக் கப்பலில் வேலை என்று சொல்லித்தான் எலன் பிள்ளைகளை வளர்த்தாளாம். முதலே சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும் என்றாள்.

கப்பலில் வேலை. பேர்மிங்ஹாமில் வேலை என்று கமலாம்பிகை விட்ட அதே கதை. ஊர் வழக்கப்படி இந்த இடத்தில் எழும்பி, இந்தச் சம்பந்தம் சரிவராது என்று சொல்லவேண்டும். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். "சொல்லிப்போடாதேங்கோ அம்மா," என்று சிவரூபினி தமிழில் கெஞ்சினாள்.

அதுவரை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கனகலிங்கம் தலையை நிமிர்த்தினார்.

"பாக்க ஒருத்தரும் வரேல்லையோ?" என்று ஜூடித்தை ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜூடித் இல்லையென்று தலையாட்டினாள்.

"நான் எட்டு மாசம் இருந்தனான்."

"சும்மா இருங்கோவன்!" கமலாம்பிகை மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள்.

அவர் நிறுத்தவில்லை. ஆங்கிலத்தை விடாமலே மகளிடம் திரும்பினார். "பேர்மிங்ஹாம் இல்லை பிள்ளை. ஆஸ்பத்திரி. உன்னை வயித்தில வைச்சுக்கொண்டு அம்மா ஒவ்வொரு நாளும் ரெண்டு பஸ் மாறி வந்தவ. ஒரு நாளும் தவறேல்லை."

சிவரூபினி தாயைப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்து எத்தனையோ வருசம். ஜூடித் எட்டிக் கமலாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கறி பட்ட கை, கூச்சமாக இருந்தது, இழுக்கவும் மனம் வரவில்லை.

போன் அடித்தது. டொரன்டோ. கமலாம்பிகை மற்றக் கையால் எடுத்தாள்.

"என்ன பிள்ளை, விசாரிச்சனியோ? எப்பிடி ஆக்கள்?"

"ஓம் அண்ணை, வடிவா விசாரிச்சனான்," என்றாள். "எங்கட ஆக்கள்தான்."