குடிச்சா போகணும்ல

என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் தூக்கிப் பார்ப்பது அவளுடைய தண்ணீர் பாட்டிலைத்தான். காலையில் நிரப்பிக் கொடுத்தது மாலையிலும் அப்படியே கனக்கும். ஏழாம் வகுப்புப் பெண். சிறுநீர்த் தொற்று என்று காய்ச்சலில் படுத்து எழுந்தாள், கொஞ்ச நாளில் மறுபடியும் படுத்தாள். இப்படியே போனால் கிட்னி கெட்டுவிடும் என்று டாக்டர் அவளை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"ஏன்டி என் உயிர வாங்கற? ஒரு மடக்கு குடிச்சா என்ன?"

"குடிச்சா போகணும்ல."

"போயேன்."

"நீ வந்து பாரு, அப்புறம் சொல்லு."

போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு. உள்ளே காலை வைக்க இடமில்லை. வாசலிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. பள்ளி முழுவதற்கும் துப்புரவுக்கு ஒரே ஒரு பெண்மணி. பிள்ளைகள் வைத்த பெயர் பினாயில் அக்கா. வகுப்பறை, வராந்தா, ஆபீஸ், நிர்வாகக் குழுவின் கூட்ட அறை, அதை ஒட்டிய குழுவினருக்கான கழிப்பறை எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவர் பெண்கள் கழிப்பறைக்கு வந்து சேரும்போது பெண்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பாவம், அவருக்கும் இரண்டு கைதானே.

எனக்கு மருந்துக்கடை. என் மகளுக்குக் கொடுக்கும் அதே மாத்திரையைக் கேட்டு அவள் தோழிகளின் அம்மாக்களும் வருகிறார்கள். எவ்வளவு விற்றாலும் சந்தோஷப்பட முடியாத வியாபாரம். அதனால்தான் பெற்றோர் பிரதிநிதியாக நிர்வாகக் குழுவுக்கு நின்று ஜெயித்தேன். இன்னொரு துப்புரவுப் பணியாளரைப் போட வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம்.

குழுத் தலைவருக்கு ஊரில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் வாயில் அதுதான் வரும். அவர் நடத்தும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வில்லங்கமான தீர்மானம் எதுவும் தேநீர் வருவதற்கு முன் எடுக்கப்படாது. கோப்பைகள் சுற்றி வந்து, எல்லார் வாயிலும் பிஸ்கெட் அடைபட்ட பிறகுதான் அதைப் படிப்பார்கள். பேசாதவர்கள் சம்மதித்தவர்கள். வாயில் பிஸ்கெட்டை வைத்துக்கொண்டு யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

என் கோரிக்கையும் அன்றைக்குத் தேநீரோடுதான் வந்தது. பொருளாளர் பட்ஜெட்டைப் புரட்டினார்.

"பெண்கள் கழிப்பறையில தண்ணிச் செலவே இல்லீங்க. யாரும் அதிகமா பயன்படுத்தறதில்லன்னு தெரியுது. அதனால இன்னொரு ஆள் தேவையில்ல. இருக்கிற ஒரு பணியிடமே கூடுதல்தான். அதை எடுத்துட்டா முன்பக்கச் சுவருக்குப் பெயின்ட் அடிச்சுடலாம். வகுப்பறைய பசங்களே கூட்டிக்கட்டும். ஒழுக்கப் பயிற்சியாவும் இருக்கும்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "நாத்தம் தாங்காமத்தானே பொண்ணுங்க போகாம இருக்காங்க! போகக் கூடாதுன்னுதானே தண்ணியே குடிக்க மாட்டேங்கறாங்க! நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தோமேம்மா. லீவு நாள்ல, பிள்ளைங்களுக்குத் தொந்தரவு இல்லாம. பளிச்சுன்னு இருந்துச்சு."

லீவு நாளில் யாருமே போகாத கழிப்பறை பளிச்சென்று இல்லாமல் எப்படி இருக்கும்? அதிலும் இவர்கள் வருகிறார்கள் என்று முந்தின நாளே பினாயில் அக்காவை உட்கார்த்தி வைத்துத் தேய்க்கச் சொன்னார்கள். அது ஊருக்கே தெரியும்.

"எந்திரிங்க, இப்பவே போய்ப் பாக்கலாம். வராந்தா தாண்டினா வந்துடும்" என்றேன்.

யாரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. தலைமையாசிரியை புடவையில் விழாத பிஸ்கெட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம். வேற யாருக்காவது ஆட்சேபணை?" என்று தலைவர் சுற்றிலும் பார்த்தார். நறநறவென்று பிஸ்கெட் கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே பினாயில் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முன்சுவர் பளபளவென்று இளநீலத்துக்கு மாறியது. வகுப்பறைகளைப் பிள்ளைகள் கூட்டினார்கள். கழிப்பறை யார் கணக்கிலும் வரவில்லை. என் மகள் இப்போது காலையில் வீட்டில் குடிக்கும் பாலையும் நிறுத்திவிட்டாள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது கூட்ட அறையிலேயே அந்த வாடை அடித்தது. குழுவினரின் கழிப்பறையைக் கழுவிவந்தவரும் பினாயில் அக்காதான் என்பதை மகாராசன்கள் மறந்தே போயிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள், ஊதுபத்தி கொளுத்தினார்கள். ஊதுபத்தி வாசனையும் சேர்ந்து இன்னும் அருவருப்பாகிவிட்டது.

தேநீர் வந்தது. ஒருவரும் தொடவில்லை. கோப்பைகளில் ஆடை படிந்தது. தலைவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை என் கடையில்தான் வாங்குகிறார். ஒரு மணி நேரம் அடக்குவதற்குள் அவருக்கு உயிர் போய்விடும்.

"என்னங்க, டீ குடிக்கலையா?" என்று அவரைப் பார்த்தே கேட்டேன்.

"வேண்டாம்மா. குடிச்சா போகணும்ல" என்றார்.

என் மகள் சொன்ன அதே வார்த்தை. இப்போதாவது மண்டையில் ஏறியிருக்கும், இனிமேல் தானாகவே வழி பிறந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

"இத இப்படியே விட முடியாதுங்க. மனுஷன் உக்கார முடியல. அந்தத் துப்புரவு அம்மாவக் கூப்பிட்டுடலாம்" என்றார் தலைவர். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கூட்டம் நடக்கிற அன்னிக்கு மட்டும் வந்து, இந்த ரூமையும் நம்ம கழிப்பறையையும் கழுவிட்டுப் போகட்டும். தினக்கூலி போதும்."

"பொண்ணுங்க கழிப்பறை?"

"அது பெரிய செலவும்மா. பார்க்கலாம்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க, நீங்க கேட்ட ஆளத் திரும்பக் கொண்டு வந்துட்டோம். சந்தோஷம்தானே?"

ஆட்சேபணை என்று கத்தினேன். பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார்கள். அன்றைக்கு யார் வாயிலும் பிஸ்கெட் இல்லை, ஆனாலும் ஒருவரும் பேசவில்லை. மனிதப் பிறவிகளா இவர்கள் என்று ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நெற்றி சுட்டது. பாட்டில் மேசைமேல் இருந்தது. தூக்கிப் பார்க்கவே தேவையில்லை, கழுத்துவரை தண்ணீர் தெரிந்தது.

"என்னம்மா ஆச்சு? ஆள் போடறாங்களா?" என்றாள்.

ஆள் போட்டாயிற்று, உனக்கில்லை என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது? அவள் கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்க்கலாம்டா" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் வாயே எனக்கு நாறியது.